தோள்வார் முளை ஆடுகிறது: பசை போதுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குப் போவதற்காக, வால்நட் கட்டை (துப்பாக்கியின் மர உடல்) போட்ட பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறீர்கள். தோளில் மாட்டி நடந்தபோது பின்பக்கம் வார் மாட்டும் இடத்தில் கிறீச் என்று சத்தம் வந்தது. எண்ணெய் விட்டீர்கள், சத்தம் நின்றது. பத்து நாள் கழித்து அந்த உலோக முளை விரலுக்கே சுழன்று கையோடு வந்துவிட்டது. வேட்டைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. சூப்பர் க்ளூ விட்டுத் திருகிவிடலாமா, இல்லையென்றால் பெரிய திருகாணியாகப் போடலாமா என்று கேட்கிறீர்கள். பார்வைக்கு இது பசையைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து ஏறக்குறைய 4 கிலோ வரும் துப்பாக்கியை அந்த ஒற்றை முளையை நம்பித் தோளில் தொங்கவிடலாமா என்பதுதான். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் முறையாகக் கற்றது தச்சுத் தொழில். கனடாவுக்கு வந்த பிறகு துப்பாக்கி திருத்தும் கடை ஒன்றில் 16 ஆண்டுகளாகக் கட்டை வேலை செய்கிறேன். வெடித்த கட்டையை ஒட்டுவது, பின்முனையில் ரப்பர் மெத்தை பொருத்துவது, வார் முளையைச் சரிசெய்வது போன்றவைதான் என் மேசைக்கு வரும். குழலிலும் விசைப் பொறியிலும் நான் கைவைப்பதில்லை. அது பக்கத்து மேசைக்காரரின் வேலை. (துவக்கு என்று சொல்லி வளர்ந்தவன் நான். இங்கே பல ஊர்க்காரர்கள் வாசிப்பதால் துப்பாக்கி என்று எழுதுகிறேன்.) உங்கள் துப்பாக்கியை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஆகையால் மரத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியதையும், துளைக்குள் பார்த்த பிறகே தீர்மானிக்க வேண்டியதையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

வேலை தொடங்கும் முன்பு மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் தண்டை) முழுவதுமாக உருவி வெளியே எடுங்கள், குழலில் தோட்டா தங்கும் அறைக்குள் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். உருவிய போல்ட்டையும் தோட்டாக்களையும் வேறு அறையில் பூட்டி வையுங்கள். கட்டையைத்தானே தொடுகிறோம் என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அப்படி வரும் துப்பாக்கியை எங்கள் கடையில் மேசையில் வைக்கவே விடுவதில்லை.

அடுத்து, தளர்ந்திருப்பது எது என்று பாருங்கள். வார் மாட்டும் அமைப்பில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. கட்டைக்குள் திருகி நிற்பது முளை. கடையில் ஸ்டட் என்று கேட்டால் கிடைக்கும். அதன் தலையில் குறுக்காக ஒரு துளை உண்டு. அந்தத் துளைக்குள் ஊசியை நுழைத்துப் பூட்டிக்கொள்ளும் கம்பி வளையம் ஸ்விவல். வளையத்துக்குள் ஓடுவது வார். ஸ்விவல் தாராளமாக ஆட வேண்டும், அது அதன் இயல்பு. அது எழுப்பும் கிளிக் சத்தத்தைக் கேட்டு முளை ஆடுகிறது என்று பதறி வருபவர்கள் நிறைய. மாறாக, ஸ்விவலின் சுருள்வில் தளர்ந்தோ கம்பி விரிந்தோ போயிருந்தால் முளை கல்போல நின்றாலும் துப்பாக்கி விழும்; அதைப் பழுதுபார்க்காமல் புதிதாக வாங்குவதுதான் முறை. வாங்கும்போது வாரின் அகலத்தைப் பாருங்கள். வழக்கமான வளையங்கள் 1 அங்குலம், 1¼ அங்குலம் என்ற இரண்டு அளவில் வருகின்றன. உங்கள் விஷயத்தில் முளையே கையோடு வந்திருப்பதால் குற்றம் மரத்தில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முளையின் மரை இரும்பு. அது தேய்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

கையோடு வந்த முளையை வெளிச்சத்தில் பிடித்து அதன் மரைகளைப் பாருங்கள். மரை இடுக்குகளில் மரநார் சுற்றிக்கொண்டு வந்திருந்தால், துளைக்குள் மரம் வெட்டிய மரை அறுந்துவிட்டது என்று பொருள். அந்த நார் பழுப்பாக, உலர்ந்து, நகத்தால் தட்டினால் தூளாக உதிர்ந்தால் நல்லது. வடிகட்டிய தேயிலைச் சக்கைபோலக் கறுத்து, விரலில் தேய்த்தால் பிசுபிசுத்து, எண்ணெய் வாடை அடித்தால் வேலை கூடும். நீங்கள் எண்ணெய் விட்டதாகச் சொல்வதால் இரண்டாவது நிலையையே எதிர்பார்க்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் செய்த பழுது மறுபடியும் அதே இடத்தில் பெயரும். முளையின் தலையிலுள்ள துளை கட்டையின் நீளத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டும், அப்போதுதான் ஸ்விவல் சரியான பக்கம் மடங்கும். முளையின் தோள்பகுதி (தலைக்குக் கீழே உள்ள அகன்ற விளிம்பு) மரத்தில் அழுந்த உட்கார்ந்த பிறகும் துளை கோணலாக நின்றால், அதை நேராக்க இன்னும் கால் சுற்று, அரைச் சுற்று என்று பலவந்தமாகத் திருப்புகிறார்கள். தோள் உட்கார்ந்துவிட்டதால் முளை மேற்கொண்டு கீழே போக முடியாது. மரைதான் மரத்தை அறுக்கும். நான் பார்த்த தளர்ந்த முளைகளில் பெரும்பாலானவை புதிதாக மாட்டிய அன்றே இப்படிப் பாதி அறுந்தவை. பிறகு வருவது இந்த நாட்டுக் குளிர்காலம். ஜனவரியில் வீட்டுச் சூடாக்கி ஓடும்போது காற்று வறண்டு மரம் சுருங்குகிறது, கோடையில் ஊறிப் பருக்கிறது. சில ஆண்டுகள் இப்படி மூச்சு விட்டால் பாதி அறுந்த மரை முழுதும் தளரும். மூன்றாவது ஈரம். பனியிலும் சேற்றிலும் துப்பாக்கியைப் பின்முனை தரையில் படும்படி சாய்த்து வைக்கிறோம். அந்த முனையில்தான் மரத்தின் நார்க்கண்கள் திறந்திருக்கின்றன. மெத்தைக்குப் பின்னால் வார்னிஷ் பூசாமல் விட்ட கட்டை தண்ணீரை அங்கிருந்தே உறிஞ்சும்.

கடைசியாக எண்ணெய். கிறீச் என்ற சத்தம், தளர்ந்த முளை மரத்தில் உரசியதால் வந்தது. எண்ணெய் விட்டதும் உரசல் வழுவழுப்பாகிச் சத்தம் நின்றது, தளர்ச்சி அப்படியே இருந்தது. அதற்கு மேல், எண்ணெய் ஊறிய நார் மிருதுவாகும், எந்தப் பசையும் அதில் பிடிக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை. துப்பாக்கியில் எங்கே சத்தம் வந்தாலும் எண்ணெய் டப்பாவைத் தேடுவது எல்லோருக்கும் பழக்கம்.

இனி நீங்கள் கேட்ட இரண்டு வழிகள். சூப்பர் க்ளூ, மரை லேசாக மட்டும் தளர்ந்த, உலர்ந்த, சுத்தமான துளைக்கு உதவும். நீர்போல ஓடும் வகையை ஓரிரு துளி விட்டால் அது நாருக்குள் இறங்கி நாரைக் கெட்டியாக்கும். முழுவதும் இறுகிய பிறகு முளையைத் திருக வேண்டும், ஈரமாக இருக்கும்போது திருகக் கூடாது. ஆனால் அது இறுகினால் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை உடையது, இடைவெளியை நிரப்பவும் தெரியாது. நடக்கும்போது விழும் ஒவ்வொரு குலுக்கலையும், சுடும்போது வரும் உதைப்பையும் அந்தப் பசை தாங்க வேண்டும். கையோடு வந்துவிட்ட, எண்ணெய் ஊறிய துளைக்கு அது மருந்தில்லை என்று உறுதியாகச் சொல்வேன். நுரைத்துப் பொங்கும் பாலியூரித்தேன் பசையையும் விட்டுவிடுங்கள். பொங்கிய நுரை துளையை நிரப்பியதுபோலத் தோன்றும், உள்ளே பலம் இருக்காது.

பெரிய திருகாணி என்ற யோசனையில் பாதி சரி. தடிமனாகப் போவது ஆபத்து. முளை நிற்பது கட்டையின் பின்முனைக் கீழ்மூலையிலிருந்து பொதுவாக 2½ அங்குலம் முன்னால். அந்த மூலையில் கட்டை மெலிந்துகொண்டே போகும். நார் ஓட்டமும் பெரும்பாலும் வெளிப்பக்கமாக வழிந்து முடியும். தடித்த திருகாணியை அங்கே முறுக்கினால் மூலை சில்லாகப் பெயர்ந்து விழும், அதைச் சரிசெய்வது முளையைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு வேலை. தடிமன் மாறாமல் நீளமான முளை போடுவது அப்படியில்லை. வழக்கமான பின்முளையின் திருகு ¾ அங்குலம் இருக்கும். அதைவிட நீளமானது கிடைத்து, துளையின் அடியில் புது மரம் இருந்தால், அது அங்கே போய்க் கடிக்கும். ஆனால் மேலேயுள்ள எண்ணெய் நார் அப்படியே இருந்தால் முளையின் கழுத்து ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே நீளமான முளை துணைக்கு வரலாம், அது மட்டும் போதாது.

தீக்குச்சி, பல்குத்தும் குச்சி திணிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது உங்களுக்கு அதைச் சொல்லத்தான் போகிறார்கள். கதவுக் கீலுக்கு அது போதும். ஒரு முறை ஒருவர் கொண்டுவந்த துப்பாக்கியில் முளையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து மூன்று தீக்குச்சிகள் வந்தன. முந்திய உரிமையாளர் மருந்துத் தலையைக்கூடக் கிள்ளாமல் திணித்திருந்தார். ஒரு குச்சி மட்டும் பசையில் ஒட்டியிருந்தது, மற்ற இரண்டும் ஈர்க்குபோல உருண்டன. வேலியைக் கடக்கக் குனிந்தபோது முளை பிடுங்கிக்கொண்டு துப்பாக்கி கல்லில் விழுந்திருக்கிறது. ஸ்கோப்பின் குழாயில் நகம் அளவுக்கு ஒரு நசுங்கல். நல்ல காலம், கடக்கும் முன்பு அவர் தோட்டாவை எடுத்துவிட்டிருந்தார். மூன்று குச்சிகளின் விலையில் ஒரு ஸ்கோப் போயிற்று என்று அவரே சிரித்துக்கொண்டார்.

இப்போது வேலை. முதலில் துளையிலுள்ள எண்ணெயை எடுக்க வேண்டும், இதற்குத்தான் பொறுமை வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை அசிட்டோனில் நனைத்துத் துளைக்குள் சுழற்றுங்கள், கறுத்து வரும். புதிய குச்சியால் மறுபடியும். குச்சி வெள்ளையாக வந்தவுடன் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஒரு இரவு விட்டால் உள்ளே ஆழத்திலிருக்கும் எண்ணெய் மெல்ல மேலே வந்திருக்கும். காலையில் மறுபடியும் துடையுங்கள். இரண்டு, மூன்று நாள் இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். அசிட்டோன் கட்டையின் வார்னிஷைக் கரைக்கும். துளையைச் சுற்றி ஒட்டுநாடா போட்டு மறையுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பும் சூடாக்கியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். துளைக்குள் தளர்ந்து தொங்கும் நாரையெல்லாம் கூரான கொக்கியால் சுரண்டி எடுங்கள். கெட்ட மரத்தை மிச்சம் வைத்து அதன்மேல் பசை விடுவது, பூசணம் பிடித்த சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல.

சுரண்டி முடித்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சுவர் கெட்டியாக, மர நிறத்தில் தெரிந்தால் எபாக்சி (இரண்டு பகுதிகளைக் கலந்து இறுக வைக்கும் பசை) போதும். நகத்தாலோ ஊசியாலோ குத்தினால் அமுங்கும் அளவுக்கு மென்மையாக இருந்தால், அந்த மரத்தை முழுவதும் வெட்டியெடுத்து மரக்குமிழ் (துளையை அடைக்கும் உருளை மரத்துண்டு) வைக்க வேண்டும். இந்தத் தீர்மானத்தை நான் இங்கிருந்து செய்ய முடியாது, துளையைப் பார்க்கும் நீங்கள்தான் செய்ய வேண்டும். சந்தேகமாக இருந்தால் கெட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எபாக்சி வழி இதுதான். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். துப்பாக்கிக் கட்டைக்கென்றே விற்கும் அக்ராகிளாஸ் நல்லது. வன்பொருள் கடையில் கிடைக்கும் ஜே-பி வெல்ட் மூலவகையும் இந்த வேலைக்குப் போதும்; அது முழுதாக இறுக 15 முதல் 24 மணி நேரம் ஆகும், குளிரான நிலவறையில் இன்னும் கூடும். துளையின் சுவரில் வளையம் வளையமாக இரண்டு மூன்று கீறல் போடுங்கள். பசை மரத்தில் ஒட்டுவதோடு அந்தப் பள்ளங்களில் பூட்டிக்கொள்ளவும் வேண்டும். முளையைப் பின்னால் என்றாவது கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் அதன் மரையில் நிறமில்லாத ஷூ பாலிஷை மெல்லியதாகப் பூசி, துடைத்து, மறுபடி பூசுங்கள். அந்த மெழுகு பசையை இரும்பில் ஒட்டவிடாது, மரையின் வடிவம் மட்டும் பசையில் அச்சாகப் பதியும். மெழுகு துளைச் சுவரில் பட்டால் எல்லாம் வீண், கையைக் கழுவிவிட்டுப் பசையைத் தொடுங்கள்.

பசையைக் குச்சி நுனியில் எடுத்துத் துளையின் அடியிலிருந்து மேலே நிரப்பிக்கொண்டு வாருங்கள். மேலே வைத்து அழுத்தினால் அடியில் காற்று சிக்கும். முக்கால் பங்கு நிரம்பியதும் முளையை மெதுவாகச் சுழற்றி இறக்குங்கள். தோள் மரத்தைத் தொட்டதும், தலைத் துளை சரியாகக் குறுக்கே நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். பசையில் செய்வதன் பெரிய வசதி இதுதான். முறுக்காமலே முளையை வேண்டிய திசையில் நிறுத்தலாம். தலைத் துளைக்குள் ஒரு ஆணியைச் செருகி, அந்த ஆணி கட்டையின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். பிதுங்கிய பசையை வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம், இறுகிய பிறகு உளிதான். கட்டையைத் தலைகீழாக, துளை மேல்நோக்கி இருக்கும்படி துணி விரித்த தாங்கியில் வைத்து ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். மறுநாள் அதே ஆணியைப் பிடித்து இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் டக் என்று மெழுகு விடும் ஓசை கேட்கும். திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மெழுகு பூச மறந்து முளை ஒட்டிக்கொண்டாலும் குடி மூழ்கிவிடாது. பின்னொரு நாள் கழற்ற வேண்டுமானால் சால்டரிங் இரும்பை முளைத் தலையில் சில நிமிடம் பிடித்தால் சூட்டில் எபாக்சி இளகும்.

மரம் கெட்டிருந்தால் குமிழ் வைக்க வேண்டும் என்றேன். இங்கே பலர் செய்யும் தவறு, கடையில் விற்கும் உருளைக் குச்சியை வாங்கிப் பசை தடவி அடித்துவிடுவது. அந்தக் குச்சியில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. துளைக்குள் நிறுத்தியதும் நாரின் தலை மேல்நோக்கி நிற்கும், திருகாணி நாருக்கு இடையே புகும், நாரைக் குறுக்கே கடிக்காது. துடைப்பக் கட்டில் ஆணி இறக்குவதுபோலத்தான். இறங்கும் வேகத்திலேயே உருவிக்கொண்டும் வரும். கட்டையின் சொந்த மரத்தில் நார் முளைக்குக் குறுக்கே ஓடுவதால்தான் அது பிடித்திருந்தது. ஆகையால் குமிழையும் வால்நட் பலகையின் முகத்திலிருந்து, குமிழ் வெட்டும் டிரில் முனையால் வெட்டி எடுக்க வேண்டும். பழைய துளையை 10 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செங்குத்தாகப் பெருக்கி, குமிழின் நார் ஓட்டம் கட்டையின் நார் ஓட்டத்தோடு ஒரே திசையில் வரும்படி வைத்து ஒட்ட வேண்டும். நன்றாக வைத்த குமிழை எண்ணெய் மெருகு ஏற்றிய பிறகு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் உலர்ந்த பின் அதில் புதுத் துளை போடலாம். துளையின் அகலம், முளைத் திருகின் மரைகளை நீக்கிப் பார்த்தால் நடுவில் நிற்கும் தண்டின் அகலம். அதைவிடச் சிறிதானால் மரம் வெடிக்கும், பெரிதானால் மரை கடிக்காது. டிரில் முனையில் ஆழத்துக்கு அடையாளமாக நாடா சுற்றிக்கொள்ளுங்கள். முளையின் தோள் உட்காரும் இடத்தில் மட்டும் சற்று அகலமான ஆழமில்லாத பள்ளம் வேண்டும், இல்லையென்றால் தோள் மரத்தின் விளிம்பைப் பெயர்த்துவிடும். திருகும் முன்பு மரையில் மெழுகு அல்லது சோப்பு தடவுங்கள். முளையின் தலைத் துளை கோணலாக முடிந்தால் முறுக்காதீர்கள். முளையைக் கழற்றித் தோளின் அடியை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். கைப்பிடி டிரிலால் செங்குத்தாகத் துளையிடும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால், குமிழ் வேலையைக் கட்டை வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல். எபாக்சி வேலையைக் கவனமுள்ள எவரும் வீட்டில் செய்யலாம்.

பின்முளை இப்படி என்றால் முன்முளையையும் கையோடு பார்த்துவிடுங்கள், அதன் கதை வேறு. முன்கட்டை மெல்லியது என்பதால் நல்ல அமைப்பில் அங்கே மரத் திருகு இருக்காது. இயந்திரத் திருகும், குழல் தங்கும் பள்ளத்துக்குள் ஒரு நட்டும் இருக்கும். வழக்கமான அளவு 10-32, அதாவது அங்குலத்துக்கு 32 மரை. அது தளர்ந்தால் நட்டை இறுக்க வேண்டும். அதற்குக் குழலைக் கட்டையிலிருந்து கழற்ற வேண்டும். இறுக்கும்போது மரை தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் 242 ஒரு துளி போதும். சிவப்பு வகையைப் போட்டால் பிறகு சூடாக்கினால்தான் கழலும், மரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சூடு வேண்டாம். திருகின் நுனி நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு குழலைத் தொடக் கூடாது. மாட்டிய பிறகு ஒரு காகிதக் கீற்றைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஓட்டிப் பாருங்கள், முளை இருக்கும் இடத்தில் சிக்கினால் நுனியை அரத்தால் குறைக்க வேண்டும். இருகால் தாங்கியை இந்த முளையில் மாட்டுபவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டும், அது முளையை நெம்புகோல்போல இழுக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: கட்டையைக் கழற்றி மாட்டிய துப்பாக்கியின் குறி மாறியிருக்கலாம். களத்தில் குறி சரிபார்க்க நாள் இல்லையென்றால், முன்முளையை வேட்டைக்கு முந்தின வாரம் தொடாதீர்கள்.

வாசிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிளாஸ்டிக் கட்டை என்றால் மேலே எழுதியதில் பாதி பொருந்தாது. பல பிளாஸ்டிக் கட்டைகள் உள்ளே வெற்றாக இருக்கும், முளை நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு திண்டு இருக்கும்; பாலிப்ரொப்பிலீன் போன்றவற்றில் எபாக்சி ஒட்டாது. பின் மெத்தையைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதில் எதையும் செய்யாதீர்கள். சில பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் முன் வளையம் கட்டையில் இல்லாமல் குழலிலேயே ஈயப்பற்றால் ஒட்டப்பட்டிருக்கும். அது தளர்ந்தால் வீட்டில் சூடாக்கவே கூடாது, தொழில்காரரிடம்தான் போக வேண்டும். கனடாவில் வேட்டைக்காரர்களிடம் இன்னமும் புழங்கும் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 (ரொறன்ரோவின் மேற்கே லாங் பிராஞ்சில் 1941 முதல் செய்தார்களே, அதுதான்) பின்பக்க வளையத்தை ஒற்றை முளையில் மாட்டுவதில்லை. இரண்டு மரத் திருகுகள் பிடிக்கும் தகடு அது. துளை தளர்ந்தால் மேலே சொன்ன வைத்தியமே, ஆனால் கட்டை வெட்டப்படாத மூலநிலையில் இருந்தால் அதில் புதுத் துளை எதுவும் போட்டுவிடாதீர்கள். அந்த நிலையில் இப்போது அவை குறைவு.

உங்கள் வேலை முடிந்ததும் முளையின் தோளிலிருந்து மரத்தின் மேல் வரை கூர்மையான பென்சிலால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். வாரை மாட்டி, துப்பாக்கியை மெத்தையின் மேல் கிடத்தி, பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசை ஸ்விவலில் கோத்து 15 கிலோ காட்டும் வரை இழுத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். முதலில் நேராக, பிறகு முன்பக்கம் சாய்த்து, பிறகு பக்கவாட்டில். தோளில் தொங்கும்போது வார் முளையை நேராக இழுப்பதைவிடச் சாய்த்து இழுப்பதுதான் அதிகம். 15 என்பது நூலில் உள்ள எண்ணில்லை, என் மேசையில் நான் வைத்துக்கொண்ட அளவு. துப்பாக்கியின் எடையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பென்சில் கோடு உடையாமல் நின்றால் நான் அதைத் தோளில் மாட்டுவேன். மயிரிழை விலகினாலும் கழற்றி, குமிழ் வேலைக்குக் கொடுப்பேன். முதல் நாள் வேட்டை முடிந்து வந்ததும் அந்தக் கோட்டை மறுபடி பாருங்கள்.

எண்ணெய் எடுக்க மூன்று நாள், பசை இறுக ஒரு நாள், சோதிக்க ஒரு நாள் என்று வைத்தால் இரண்டு வாரம் உங்களுக்குத் தாராளம். ஏதோ காரணத்தால் முடியாமல் போனால் வாரைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைக் கையில் ஏந்திப் போங்கள். காட்டில் நடுவழியில் முளை வந்துவிட்டால், வாரின் பின்முனையை ஒரு கயிற்றால் கட்டையின் மெலிந்த கழுத்துக்குப் பின்னால் இரண்டு சுற்று சுற்றி முடிந்து வீடு வரை கொண்டுவரலாம். கயிறு வழுக்கினாலும் விசைக் காப்பு வளையத்துக்குப் பக்கத்தில் வர முடியாதபடி முடிச்சு இருக்க வேண்டும், அறையில் தோட்டா இருக்கக் கூடாது. கழன்ற முளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அந்த மரையில் ஒட்டியிருக்கும் நாரைப் பார்த்தால்தான் அடுத்து என்ன செய்வதென்று சொல்ல முடியும்.